ஒரே பம்பு, பல கிளை: ஒரினோகோக் கிணறு மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

வரத்து குறைந்துவிட்டது என்றதும் "ஏதோ ஒரு கிளை அடைத்துக்கொண்டது" என்று தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் பல்கிளை எண்ணெய்க் கிணறுகளோடு (ஒரே கிணற்றிலிருந்து பக்கவாட்டில் பல துளைகள் பிரிபவை) கூடவே பிறந்தது. 2,000 அடி ஆழத்தில் மீன்முள் போல விரிந்து கிடப்பதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் பழியை அங்கே இறக்கி வைப்பது வசதி. என் வரிசை இதற்கு நேர் தலைகீழ்: முதலில் மீட்டர், அப்புறம் நாப்தா (கெட்டி எண்ணெயை இளக்கக் கலக்கும் இலேசான திரவம்), அப்புறம் பம்பு, கடைசியாகத்தான் கிளை. மீட்டரைச் சரிபார்க்க அரை நாள் போதும். பம்பை மாற்ற ரிக் வரவேண்டும். கிளைக்குள் இறங்கிப் பார்க்கவோ, பெரும்பாலான கிணறுகளில் வழியே கிடையாது.

வெனிசுவேலாவின் ஒரினோகோ பட்டையை, அதிலும் சுவாட்டா வயலை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நீராவி விடாமல், தேக்கத்தின் (எண்ணெய் தங்கியிருக்கும் மணலடுக்கின்) சொந்தச் சூட்டிலேயே எண்ணெய் எடுக்கும் கிணறுகளுக்குத்தான் இது பொருந்தும்.

கிணற்றின் படம்

அமெரிக்காவின் கோனோகோவும் வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனமான பிடிவிஎஸ்ஏவும் சேர்ந்து நடத்திய பெட்ரோசுவாட்டா திட்டம் 1998ல் சுவாட்டாவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. பல்கிளைக் கிணறுகளைப் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த இடங்களில் அதுவும் ஒன்று. 2007ல் வெனிசுவேலா அரசு எடுத்துக்கொண்ட பிறகு அது பெட்ரோ அன்சுவாட்டேகி ஆனது.

எண்ணெய் 8 முதல் 10 ஏபிஐ வரை (எண் குறையக் குறைய எண்ணெய் கனக்கும் அளவுகோல் இது). 10க்குக் கீழே போனால் தண்ணீரைவிடக் கனம், மிதக்காது. பாகுத்தன்மை ஆயிரக்கணக்கான சென்டிபாய்ஸ், தேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தேக்கத்தின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால் அது மெதுவாக நகர்ந்து வருகிறது. கனடாவின் அதபாஸ்காவில் இதே வகைச் சரக்கு 10 டிகிரி அளவில் கிடப்பதால் நீராவி இல்லாமல் அசையாது. இங்கே உள்ள கிணறுகளின் பிழைப்பே அந்த 40 டிகிரி வித்தியாசம்தான்.

மணலோ மயோசீன் காலத்து ஆறுகளும் கழிமுகங்களும் விட்டுப்போனது. இறுகாத மணல், பல டார்சி (திரவம் ஊடுருவுவதை அளக்கும் அலகு) ஊடுருவும் தன்மை; எண்ணெய் ஓட அருமையான இடம். ஒரே சங்கடம், பழைய ஆற்றுப்படுகை நமக்காக நேராக ஓடவில்லை. 4,000 அடிக்கு ஒற்றைக் கிடைத்துளை போட்டால் பாதி வழியில் மணல் முடிந்து களிப்பாறைக்குள் போய்விடும். ஒரு மணலுக்கும் அடுத்த மணலுக்கும் நடுவே களி இருந்தால் மேலே உள்ள எண்ணெய் கீழே இறங்காது. அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைக் கிளை, பறவைச் சிறகு போல இரு பக்கக் கிளை, காக்கைக்கால், மீன்முள் என்று வடிவங்கள் வந்தன. மீன்முள்ளுக்கு அங்கே எஸ்பினா தெ பெஸ்காதோ என்று பெயர். நடுத்தண்டில் ஸ்லாட் போட்ட லைனர் (மணலைத் தடுக்கும் மெல்லிய பிளவுகள் உள்ள குழாய்) இருக்கும். பக்க முட்கள் வெறும் துளைகள், உள்ளே குழாய் எதுவும் கிடையாது.

எல்லாக் கிளைகளும் கேசிங்குக்குள் (கிணற்றின் வெளிக்குழாய்) வந்து கலந்த பிறகுதான் பம்பு இருக்கிறது. பெரும்பாலும் முன்னேறு குழிவுப் பம்பு, வயலில் பிசிபி என்பார்கள்: ரப்பர் ஸ்டேட்டருக்குள் திருகு போன்ற இரும்பு ரோட்டர், மேலிருந்து ராடு அதைச் சுழற்றும். எத்தனை கிளை இருந்தாலும் மேலே நமக்குக் கிடைப்பது ஒரு வரத்து, ஒரு டார்க் (ராடைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை), ஒரு அழுத்தம். இந்த மூன்றை வைத்துத்தான் கீழே உள்ள அத்தனையையும் ஊகிக்கவேண்டும்.

அறிகுறி: ஒரே இரவில் வரத்து குறைந்தது, ஆனால் பம்பில் எந்த மாற்றமும் இல்லை

டார்க் அதே, வேகம் அதே, அழுத்தம் அதே. காகிதத்தில் மட்டும் எண்ணெய் குறைவு. இப்படி வந்தால் கிணற்றுப் பக்கமே போகாதீர்கள், நாப்தா மீட்டருக்குப் போங்கள்.

எண்ணெய் குழாயில் ஓடவேண்டும் என்பதற்காக நாப்தா கலக்கிறோம். பிறகு மொத்தக் கலவையை அளந்து, செலுத்திய நாப்தாவைக் கழித்து, மீதியைக் கிணற்றின் எண்ணெய் என்று எழுதுகிறோம். கழிக்கிற எண் தப்பானால் விடையும் தப்பு. ஒரு கணக்குப் போடுவோம். 8.5 ஏபிஐ எண்ணெயின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.011. 47 ஏபிஐ நாப்தாவுடையது 0.793. கலவை 16 ஏபிஐ, அதாவது 0.959 வேண்டுமென்றால் 1,000 பீப்பாய் கலவையில் சுமார் 240 பீப்பாய் நாப்தா இருக்கும். கிணற்றின் பங்கு 760. நாப்தா மீட்டர் உண்மையைவிட 10 சதவீதம் அதிகமாகக் காட்டினால் 264 கழிப்போம். கிணறு 736 தருவதாகக் கணக்கில் நிற்கும். எந்தக் கிளையும் அடைபடாமலேயே 24 பீப்பாய் காணாமல் போய்விட்டது. மீட்டரைச் சரிசெய்த மறுநாள் "உற்பத்தி ஏறியது" என்று யாராவது பாராட்டு வாங்குவார்கள், அது வேறு கதை.

குறுக்குச் சோதனை சுலபம். கலவையில் சாம்பிள் எடுத்து, தண்ணீரைப் பிரித்து, அடர்த்தியைப் பார்த்து, மேலே போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாப்தா பங்கு கிடைத்துவிடும். ஒரே எச்சரிக்கை: சாம்பிளில் கேஸ் குமிழ் சிக்கியிருந்தால் அடர்த்தி பொய்யாகக் குறைந்து காட்டும். இந்த எண்ணெயில் குமிழ் சீக்கிரம் வெளியேறாது. சூடாக்கி, பொறுத்திருந்து அளக்கவேண்டும்.

அறிகுறி: வரத்து உண்மையாகவே குறைந்தது

இப்போது இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும்: டார்க், பம்பு வாயில் அழுத்தம் (திரவம் பம்புக்குள் நுழையும் இடத்து அழுத்தம்). பம்புக்குக் கீழே கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கேசிங்குக்கும் டியூபிங்குக்கும் (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) நடுவே உள்ள இடைவெளியில் ஒலி அனுப்பித் திரவ மட்டம் பார்ப்போம். அந்த முறை இங்கே அடிக்கடி ஏமாற்றும். இடைவெளி முழுக்க நுரை நிற்கும். எதிரொலி நுரையின் தலையில் பட்டுத் திரும்பி "மட்டம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். கேசிங் வால்வை அடைத்து அழுத்தம் ஏறவிட்டால் நுரை கீழே அமுங்கும். அதன்பிறகு எடுக்கும் அளவைத்தான் நம்பலாம்.

வாயில் அழுத்தம் ஏறியிருக்கிறது, டார்க் விழுந்திருக்கிறது என்றால் தேக்கம் தன் வேலையைச் செய்கிறது, பம்பு செய்யவில்லை. டார்க் அடிமட்டத்துக்கு வந்து வரத்தும் நின்றுவிட்டால் ராடு முறிந்திருக்கும். டார்க் ஓரளவு இருந்து வரத்து மட்டும் பாதியானால் ஸ்டேட்டர் தேய்ந்து உள்கசிவு, அல்லது டியூபிங்கில் ஓட்டை. இரண்டையும் பிரிக்க வேகத்தை ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த பம்பில் வேகம் ஏற ஏற வரத்து கொஞ்சமாவது ஏறும். டியூபிங் ஓட்டையில் தள்ளியதெல்லாம் கேசிங்குக்கே திரும்பிப் போகும், மேலே வால்வை மூடினாலும் அழுத்தம் ஏறத் தயங்கும். ஆனால் வால்வை மூடிச் சோதிப்பது சில நொடி வேலை, கையை எடுக்காமல் செய்யவேண்டியது. பிசிபி எவ்வளவு அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ளும் ஜாதி. மறந்துவிட்டால் உடைவது குழாயோ ராடோ.

வாயில் அழுத்தம் இறங்கியிருக்கிறது, டார்க் இயல்பு என்றால்தான் கிளைப் பக்கம் பார்வையைத் திருப்பவேண்டும். திரவம் பம்புக்கு வந்து சேரவில்லை. அப்போதும் அவசரம் வேண்டாம். பம்பு வேகத்தை ஒரு படி குறைத்து, நிலைகொள்ளும்வரை காத்திருந்து, வரத்தையும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு படி. இலேசான எண்ணெயில் மணிக்கணக்கில் முடியும் சோதனை இங்கே நாட்கணக்கில் இழுக்கும். பொறுமையில்லாமல் எடுத்த எண்ணால் எந்த முடிவுக்கும் வரமுடியாது.

கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதைப் பார்க்கலாமே என்று தோன்றும். ஒற்றைத் துளையில் அது நல்ல யோசனை. பல்கிளையில் மூடியதும் அழுத்தம் அதிகமுள்ள மணல் குறைவாக உள்ள மணலுக்குள் தள்ள ஆரம்பிக்கும். மேலே தெரியும் வளைகோடு இரண்டின் கலவை. அதை ஒற்றைத் தேக்கத்தின் கோடாக வைத்து வாசித்தவர்கள், இல்லாத சேதத்தைக் கண்டுபிடித்து இல்லாத மருந்தும் கொடுத்திருக்கிறார்கள்.

எந்தக் கிளை என்று தெரிந்தே ஆகவேண்டுமா? துளையிட்ட காலத்துப் பதிவை எடுங்கள். முள்ளின் நீளம் 1,000 அடி என்றால் 1,000 அடியும் எண்ணெய் தராது. பாறை வகையைக் காட்டும் காமா, மின்தடைப் பதிவில் நல்ல மணல் எத்தனை அடி என்று கூட்டுங்கள். 300 அடி மணல் கண்ட முள் மூடிப்போனாலும் இந்த அளவுக்கு வரத்து விழாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு கிளையிலும் வந்த மணல்துகள் சாம்பிளை யாரோ புண்ணியவான் பத்திரப்படுத்தியிருந்தால், அதிலுள்ள எண்ணெயின் வேதியியல் கைரேகையை இப்போது வருவதோடு ஒப்பிடலாம். ஒரு மணலின் எண்ணெய் அடுத்ததிலிருந்து வேறுபட்டிருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

அறிகுறி: டார்க் ஏறுகிறது

எவ்வளவு வேகமாக ஏறியது என்பதே பாதி விடை.

நிமிடங்களில் ஏறினால், கிணற்றுத்தலை அழுத்தத்தைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து ஏறியிருந்தால் கோளாறு மேலே குழாயில்: எங்கோ வால்வு மூடியிருக்கிறது, அல்லது நாப்தா நின்று எண்ணெய் கெட்டியாகிவிட்டது. தலை அழுத்தம் மாறாமல் டார்க் மட்டும் துள்ளினால் பம்புக்குள் மணல். நாப்தாவைப் பம்புக்குக் கீழே செலுத்தும் அமைப்பில் அது நின்றுபோனாலும் இதே துள்ளல் வரும். டியூபிங்கில் 2,000 அடிக்குக் கெட்டி எண்ணெய், ராடு அதற்குள் சுற்றவேண்டும். ஆகவே மணல் என்று சொல்லுமுன் நாப்தா பம்பு ஓடுகிறதா என்று ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் நிதானமாக ஏறினால் ஸ்டேட்டர் ரப்பர் வீங்குகிறது. நாப்தாவில் உள்ள நறுமணச் சேர்மங்கள் நைட்ரைல் ரப்பருக்குள் ஊறும், கேஸும் ஊறும். ரோட்டரைச் சுற்றி ரப்பர் இறுகும், உராய்வு ஏறும், சூடு ஏறும், சூட்டில் ரப்பர் இன்னும் வீங்கும். இந்த வட்டம் தொடங்கியபின் நாப்தாவைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றும் வேலை. ஆனால் டார்க் ஏறினாலே நாப்தாவைக் கூட்டு என்பதுதான் பலருக்குக் கைப்பழக்கம்! வேகத்தைக் குறையுங்கள். முடிந்தால் நாப்தாவைப் பம்புக்குப் பின்னால் செலுத்தும்படி மாற்றுங்கள். அடுத்த முறை பம்பு இறக்கும்போது வேறு ரப்பர், அல்லது கொஞ்சம் சிறிய ரோட்டர். நாப்தா சப்ளை மாறியதும் இந்த அறிகுறி வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். புதுச் சரக்கில் ரப்பர் துண்டை ஊறவைத்து எடை பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று: புதிதாக ராடு இறக்கிய உடனேயே டார்க் அதிகம் என்றால் ரோட்டர் அடித்தடுப்பில் முட்டுகிறது. சுமை ஏறியதும் ராடு நீளும் என்பதை இடைவெளிக் கணக்கில் மறந்திருப்பார்கள். மேலே தூக்கி வைத்தால் தீர்ந்தது.

அறிகுறி: வரத்து விட்டுவிட்டு வருகிறது, குழாய் இருமுகிறது

கேஸ். இந்த எண்ணெய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அழுத்தம் இறங்கிக் கேஸ் பிரியும்போது அது தனியாக ஓடிவிடாமல், பாகு போன்ற எண்ணெய்க்குள்ளேயே நுண்குமிழ்களாகச் சிக்கி நிற்கும். நுரையெண்ணெய் என்கிறோம். அந்தக் குமிழ்கள் விரிந்து எண்ணெயைத் தள்ளுவதால்தான் நீராவி இல்லாமலே இந்தக் கிணறுகள் வாழ்கின்றன. காலப்போக்கில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தனி வழி பிடித்தால் கேஸ் முந்திக்கொள்ளும், எண்ணெய் பின்தங்கும்.

முதலில் பார்க்கவேண்டியது கேசிங் வால்வு. அது மூடியிருந்தால், அல்லது வெளியேறும் குழாய் அடைத்திருந்தால், கேஸுக்கு வேறு போக்கிடமில்லை, பம்புக்குள்தான் நுழையும். அடுத்து வேகம். வாயில் அழுத்தம் ரொம்ப இறங்கியிருந்தால் பம்பு திரவத்துக்குப் பதிலாக நுரையை உறிஞ்சுகிறது. ரப்பருக்குக் குளிர்ச்சி தருவது உள்ளே ஓடும் திரவம்தான். வறண்டு ஓடினால் ஸ்டேட்டர் கருக அதிக நேரம் ஆகாது.

இவை சரியாக இருந்தும் இருமல் சீரான இடைவெளியில் வந்தால் துளையின் வடிவம் காரணமாக இருக்கலாம். மணலைத் துரத்திக்கொண்டு மேலும் கீழுமாகத் திருப்பிய தண்டில் மேடுகளில் கேஸ் தேங்கும், பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். நிறைந்ததும் ஒரே கட்டாக வரும். துளையின் சாய்வுப் பதிவை வரைந்து பாருங்கள், மேடு பள்ளம் கண்ணில் படும். இதற்கு மருந்து கிடையாது. வேகத்தைச் சீராக வைத்து, பம்புக்குக் கீழே கேஸ் பிரிப்பான் போட்டு, அதோடு வாழப் பழகவேண்டும்.

ஆய்வகத்தில் அழுத்தத்தை வேகமாக இறக்கினால் நுரை நன்றாக நிற்கிறது, அதிக எண்ணெய் வருகிறது என்பது உண்மை. அதைச் சொல்லி வயலில் பம்பை விரட்டுகிறவர்கள் உண்டு. ஆய்வகக் குழாயில் ரப்பர் ஸ்டேட்டர் இல்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

அறிகுறி: தண்ணீர் வந்துவிட்டது

வந்திருப்பது உண்மையில் தேக்கத்துத் தண்ணீரா? எண்ணெயின் அடர்த்தியும் தண்ணீரின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று என்பதால் செபரேட்டரில் தானாகப் பிரியாது. நாப்தா சேர்த்து, சூடாக்கி, சுழற்றிப் பிரித்தால்தான் நிஜச் சதவீதம் தெரியும். அப்புறம் உப்பைச் சோதியுங்கள். துளையிட்ட காலத்துத் திரவமோ ஒர்க்கோவரில் (கிணற்றுப் பழுதுபார்ப்பில்) விட்ட தண்ணீரோ திரும்பி வந்தால் சில வாரங்களில் தானே குறையும்.

தேக்கத்துத் தண்ணீர்தான் என்று உறுதியானால் நல்ல செய்தி சொல்ல என்னிடம் இல்லை. ஒரு சென்டிபாய்ஸுக்கும் குறைவான தண்ணீருக்கும் பல ஆயிரம் சென்டிபாய்ஸ் எண்ணெய்க்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு முள் தண்ணீர் மணலைத் தொட்டால் போதும், அந்த வழியே அகலமாகும். அதை மட்டும் அடைக்கலாமா? வெறும் துளையாக விட்ட முள்ளுக்குள் எந்தக் கருவியும் குறிவைத்துப் போகாது. வழியில் ஸ்லாட் லைனர் வேறு நிற்கிறது. கிளைச் சந்திப்புகளை ஒன்று முதல் ஆறு வரை தரம்பிரிக்கும் டிஏஎம்எல் வகைப்பாட்டில் சந்திப்புக்கே அழுத்தத் தாங்கல் கிடைப்பது ஐந்திலும் ஆறிலும்தான். குறைந்த செலவில் நிறைய மணலைத் தொடுவதற்காகப் போட்ட முட்கள் தரவரிசையின் அடியில் இருக்கின்றன. அதாவது அடைக்க முடியாது என்பதை, துளையிட்ட அன்றே நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது. தண்ணீர் சதவீதம் இறங்குகிறதா என்று சில வாரம் பார்க்கவேண்டும். இறங்காவிட்டால், ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு எத்தனை பீப்பாய் தண்ணீரைச் சுமப்பது கட்டுப்படியாகும் என்ற கணக்குதான் மிச்சம். புதுக் கிணறு திட்டமிடும்போது, தண்ணீர் மணலை நோக்கிக் கீழே இறங்கும் முள்ளை வரைபடத்திலேயே வெட்டிவிடுவது இதைவிட மலிவு.

அறிகுறி: மணல்

புதுக் கிணற்றில் முதல் சில வாரம் கொஞ்சம் மணல் வரும், பயப்பட ஒன்றுமில்லை. பழைய கிணற்றில் திடீரென்று வந்தால், ஏதாவது முள் இடிந்து லைனர் வாசலில் குவிகிறதா, லைனரே அரித்துப்போய்விட்டதா என்ற கேள்வி. மணலைச் சல்லடையில் போட்டுப் பருமன் பாருங்கள். ஸ்லாட்டின் அகலத்தைவிடப் பெரிய துகள்கள் கணிசமாக வந்தால் லைனர் சேதம். எல்லாம் நுண்ணியதாக இருந்தால் ஸ்லாட் தன் வேலையைச் செய்கிறது, வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் அடங்கும். பம்பு மணலில் சிக்கினால் ரோட்டரை ஸ்டேட்டருக்கு மேலே தூக்கி, டியூபிங் வழியே சூடான இலேசு எண்ணெய் விட்டுக் கழுவிவிட்டு மறுபடி இறக்கலாம். முழுக் குழாயையும் வெளியே எடுக்கவேண்டாம்.

அறிகுறி: மின்சாரம் போய் வந்த பிறகு பம்பு சுற்றவில்லை

2019 மார்ச் 7 அன்று குரி நீர்மின் நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் துண்டித்து வெனிசுவேலாவின் பெரும்பகுதி நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. அதனால் இந்த அறிகுறி அங்கே ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

முதல் விஷயம் பாதுகாப்பு. மின்சாரம் போனதும் டியூபிங்கில் நிற்கும் எண்ணெய் கீழே வழியும்போது பம்பை மோட்டார் போலப் பின்னோக்கிச் சுழற்றும். முறுக்கேறிய ராடும் அவிழும். பிரேக் சரியில்லாவிட்டால் டிரைவ் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ராடு சாட்டையாக வீசும். ஆளைக் கொல்லக்கூடியது. சுற்றுவது முழுக்க நின்று, முறுக்கு இறங்கி, மின்பெட்டியைப் பூட்டிய பிறகே யாரும் பக்கத்தில் போகவேண்டும். நின்றுவிட்ட மாதிரித் தெரிவதும் நின்றதும் வேறு. கெட்டி எண்ணெயில் முறுக்கு சிக்கிக்கொண்டு, பிரேக்கைத் தளர்த்தியதும் அவிழ்வது உண்டு.

அப்புறம் நாப்தா. மேல் குழாயில் ஆறிப்போன எண்ணெயை நாப்தாவால் தள்ளி வழி திறந்துவிட்டு, பிறகுதான் பம்பைத் தொடவேண்டும். மிகக் குறைந்த வேகத்தில், டார்க் வரம்பை வைத்து, தொடங்குங்கள். வரம்பில் நின்றுவிட்டால் வரம்பை ஏற்றாதீர்கள். ராடை மேலே தூக்கி, டியூபிங்கைக் கழுவி, மீண்டும் முயலுங்கள். மூன்றாவது முயற்சியிலும் சுற்றாவிட்டால் ரிக்குக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

சுற்ற ஆரம்பித்த பிறகும் முதல் சில நாள் வரத்தை நம்பாதீர்கள். நின்றிருந்த நேரத்தில் ஒரு மணல் இன்னொன்றுக்குள் எண்ணெயையோ தண்ணீரையோ தள்ளியிருக்கும். வாங்கிக்கொண்ட கிளை அதைத் திருப்பித் தரும்வரை தண்ணீர்ச் சதவீதமும் கேஸும் தாறுமாறாகத்தான் இருக்கும். பழைய வேகத்துக்குப் போக ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் டார்க்கைக் குறித்து வையுங்கள்.